கோட்டுச்சேரியைச் சூழ்ந்த மிதிவண்டி வழிகள்

முன்னுரை

மிதிவண்டியேறி ஊர் காண விழைவோர் மலைச்சாரலையும் ஏரிக்கரையையும் நாடுதல் இயல்பு. நம் நாட்டிலே, சேலத்தினின்று இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டு ஏரியை அடைவாரும், 1863-ஆம் ஆண்டில் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் அமைந்த கொடைக்கானல் ஏரியை வலம்வருவாரும் பலர். கடல் கடந்து நோக்கின், பிரான்சு தேசத்து ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உள்ள அன்னெசி ஏரியின் மேல்கரையில், கைவிடப்பட்ட இருப்புப்பாதையையே மிதிவண்டிக்குரிய வழியாக்கி வைத்திருக்கின்றனர். இவற்றைப் படித்தும் படத்திற் கண்டும் ஏங்கும் நம்மனோர், நம் ஊர்ப்புறத்தில் அத்தகைய வழி யாதும் இல்லையென்று எண்ணிவிடுகின்றனர்.

காரைக்காலுக்கு வடக்கே, கடலுக்கு அணித்தாய் அமைந்தது எம் ஊராகிய கோட்டுச்சேரி. ஈண்டு மலை இல்லை, குன்றும் இல்லை, கோயிற் குளங்களையன்றி ஏரி என்று சொல்லத்தக்கதும் இல்லை. ஆயினும் அமைதியான வழி மலைநாட்டிற்கு மட்டும் உரிய பேறு அன்று. அஃது எந்நிலத்திலும் உண்டு; அதனைக் காண்டற்கு அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இதனை யாம் நூலால் அறிந்தோம் அல்லேம், காலால் அறிந்தோம். அறிந்தவற்றை நம் கல்லூரி மாணவர்க்குப் பயன்படுமாறு இக்கட்டுரையிற் கூறப் புகுந்தோம்.

துவிசக்கர வண்டி என்று நம் பாட்டனார் காலத்து ஏடுகள் எழுதின. ஈழநாட்டார் இன்றும் துவிச்சக்கர வண்டி என்றே வழங்குவர். மிதிவண்டி என்பது நம் வகுப்பறைச் சொல். ஊரில் யாவரும் சைக்கிள் என்பர். பெயர் யாதாயினும் பொருள் ஒன்றே.

ஆராய்ச்சி எழுந்த காரணம்

இம்முயற்சி விளையாட்டாகத் தொடங்கியது அன்று. எம் வகுப்புத் தோழி ஒருவர் கோட்டுச்சேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றினின்று நண்டலாற்றைக் கடந்து கல்லூரிக்கு மிதிவண்டியில் வருபவர். சென்ற ஆண்டு ஒருநாட் காலை, நெடுஞ்சாலையில் லாரி ஒன்று அவரை நெருங்கிக் கடந்தது. வண்டி அவர்மேற் படவில்லை. அது கிளப்பிய காற்றே அவரை நிலைகுலைத்துச் சாலையோரப் பள்ளத்தில் வீழ்த்தியது. முழங்கையிற் காயம், புத்தகங்கள் சேற்றில் நனைந்தன. காயம் ஒரு திங்களில் ஆறிற்று. ஆனால் அவர் தந்தையாரின் அச்சம் ஆறவில்லை. "இனிச் சைக்கிள் வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டார். பேருந்தில் வரின் முதற் பாடவேளை தவறும். பாடவேளை தவறின் வருகைக் கணக்குக் குறையும். அது குறையின் தேர்வு எழுதுதல் அரிதாகும். ஒரு சாலையின் இரைச்சல் ஒருவருடைய கல்வியைத் தடுக்குமாறு இவ்வண்ணம் ஆயிற்று.

மிதிவண்டிக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாடு முன்னரே கண்டுள்ளது. 1991-ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில், எழுத்துக் கற்ற மகளிர் ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அப்போது மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதனை ஊக்குவித்தார். படிக்கவும், பிறர் துணையின்றிச் செல்லவும் கற்றல் இரண்டும் ஒரே விடுதலையின் இரு கைகள் என்று அம்மகளிர் உணர்ந்தனர். அவ்விடுதலை எம் தோழிக்கு ஒரு பள்ளத்தருகே தடைப்பட்டு நிற்பதை யாம் காணப் பொறேமாய், ஐவர் கூடி விடுமுறைக் காலைகளில் வழி தேடப் புறப்பட்டோம்.

நிலத்தின் இயல்பு

கல்லணைக்குக் கீழே காவிரி பல கிளைகளாய்ப் பிரிந்து கடலை நோக்கிச் செல்கின்றது. அக்கிளைகளின் கடைக்கோடியில், உழவர் கடைமடை என்று கூறும் பகுதியில், காரைக்கால் நாடு உள்ளது. நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு என்று எண்ணத்தக்க ஆறுகள் இச்சிறு நிலப்பரப்பில் ஓடுகின்றன. எல்லாம் மேற்கினின்று கிழக்கே செல்வன.

நிலம் சமதளமாகவே தோன்றும். கும்பகோணம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து காரைக்கால் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. எனவே ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவே சரிவு. மிதிப்பவன் கால் அதனை உணராது. நீர் மட்டுமே அறியும். அச்சரிவு மிகச் சிறிதாதலின் வெள்ளக் காலத்தில் நீர் விரைந்து வடியாது. ஆகவே ஆற்றின் இருபுறமும் உயர்ந்த கரை வேண்டும். அக்கரையின்மேல் முதலில் நடைவழி உண்டாயிற்று. பின்னர் மாட்டுவண்டித் தடம். இப்போது பலவிடங்களில் ஒற்றை வண்டி செல்லும் தார்ச்சாலை. ஒருபுறம் ஆறு, மறுபுறம் தாழ்ந்த வயல், மேலே மரநிழல் என்று இவ்வழி அமைந்திருத்தலின், ஏரிக்கரை வழியின் இன்பம் முழுவதும் ஈண்டு உண்டு.

நெடுஞ்சாலையோ கடற்கரையை ஒட்டி வடக்கு தெற்காகச் செல்வது. சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் என்ற ஊர்களை இணைத்து, ஆறுகள் அனைத்தையும் குறுக்கே வெட்டிச் செல்கின்றது. இவ்விரு திசைகளின் மாறுபாட்டிலேதான் நம் ஆராய்ச்சியின் முதல் உண்மை அடங்கியுள்ளது.

பாலம் என்னும் கணவாய்

மலைநாட்டில் வழியைத் தீர்மானிப்பது கணவாய். பள்ளத்தாக்கினுள் எத்தனையோ ஒதுக்குவழிகள் இருப்பினும், அடுத்த பள்ளத்தாக்கை அடையக் கணவாய் ஒன்றே வாயிலாதலின், எல்லா வண்டிகளும் அங்கே வந்து கூடும். கழிமுக நாட்டில் அக்கணவாயின் இடத்தைப் பெற்றிருப்பது பாலம். ஆறு நீளவாக்கில் நமக்கு வழி. குறுக்குவாக்கில் நமக்குத் தடை.

கிழக்கு மேற்காகச் செல்ல விரும்புவோன் ஒரு கரையைப் பற்றிக்கொண்டால் போதும். மணிக்கணக்காக ஒரு லாரியையும் காணாது செல்லலாம். வடக்கு தெற்காகச் செல்ல வேண்டுவோனோ, எவ்வளவு அமைதியான தெருக்களில் வந்தாலும், ஆற்றை அடைந்தவுடன் பாலத்தைத் தேடி நெடுஞ்சாலைக்கே வருதல் வேண்டும். எம் தோழி வீழ்ந்த இடம் பாலத்திற்கு ஏறும் பகுதியே என்பதைப் பின்னர் நினைவுகூர்ந்தோம். அகன்று வந்த சாலை அங்கே ஒடுங்குகின்றது. ஓரத்து மண்பாதை மறைகின்றது. பெருவண்டியும் சிறுவண்டியும் ஒரே அகலத்தைப் பகிர்ந்துகொள்ள நேர்கின்றது.

ஆதலின் வழி தேடுவோர் முதலிற் செய்யத்தக்கது சாலைகளை எண்ணுதல் அன்று, பாலங்களை எண்ணுதலே. நெடுஞ்சாலைப் பாலத்தையன்றி, மேற்கே உள்ளூர்ச் சாலைகளின் சிறு பாலங்கள், பாசன மதகின்மேல் அமைந்த குறும்பாலங்கள், வாய்க்காலின் குறுக்கே இட்ட பனைமரங்கள் எனப் பல உண்டு. கைப்பேசியிற் காணும் தேசப்படம் இவற்றுட் பலவற்றை அறியாது. அது குறுகிய வழியைக் காட்டி நம்மை நெடுஞ்சாலையிலேயே விடும். மாடு மேய்க்கும் சிறுவனும், மீன் கூடை சுமந்து வரும் அம்மையாரும் அதனினும் நல்ல வழிகாட்டிகள் என்பதை யாம் பலமுறை கண்டோம்.

காற்று என்னும் மலை

நம் ஊரில் ஏற்றம் இல்லை என்றோம். அஃது அரை உண்மையே. நம் ஏற்றம் காற்றில் உள்ளது.

மிதிவண்டியை எதிர்க்கும் காற்றின் விசை, காற்றுக்கும் வண்டிக்கும் இடையேயுள்ள வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். காற்றில்லாத பொழுதில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திற் செல்பவனை, அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசும்பொழுது நோக்குக. இப்போது அவன்மேல் மோதும் வேகம் இருமடங்கு. விசையோ நான்கு மடங்கு. ஆளும் வண்டியுமாய் 80 கிலோ எடை எனக் கொண்டு யாம் கணக்கிட்டதில், இந்த மிகை உழைப்பு நூறடிக்கு இரண்டடி உயரும் மேட்டில் ஏறுவதற்கு ஏறத்தாழ ஒப்பாயிற்று. மலைமேடோ வளைவு திரும்பினால் முடியும். எதிர்க்காற்று வீடு சேரும்வரை முடியாது.

இம்மலைக்கும் நேரம் உண்டு. வெயில் ஏற ஏறத் தரை கடலினும் விரைவாகச் சூடேறும். தரைமேல் உள்ள காற்று மேலெழ, கடற்காற்று உள்ளே புகும். ஆகவே அதிகாலை பெரும்பாலும் அமைதியானது. நண்பகலுக்குப் பின் கிழக்குக் காற்று வலுக்கும். இதனை அறிந்தவன் காலையிற் கடற்கரைக்குச் சென்று, பிற்பகலிற் காற்றை முதுகிற் கொண்டு திரும்புவான். மேற்கே செல்லின், வெயிலேறுமுன் வீடு திரும்பும்படி புறப்படுவான். வடகிழக்குப் பருவக் காற்றுக் காலமாகிய ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் இவ்விதி மாறும். அப்போது முதலில் எதிர்க்காற்றில் மிதித்துச் சென்று, களைத்தபின் அதன் துணையோடு திரும்புதல் நன்று.

மேற்கு வழி

கோட்டுச்சேரியினின்று மேற்கே நெடுங்காடு, அங்கிருந்து தெற்கே திருநள்ளாறு, பின் கிழக்கே தருமபுரம் வழியாகக் காரைக்கால், வடக்கே மீண்டும் கோட்டுச்சேரி என இது ஒரு வட்டம்; ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். நெடுங்காடு வரை இருமருங்கும் வயலே. நடவுக் காலத்தில் நீர் நிறைந்த வயல்கள் வானத்தை ஏந்திக் கிடத்தலின், ஏரி இல்லையே என்ற குறை அப்போது தோன்றாது. கொக்கும் நாரையும் வரப்பில் நிற்கும். மின்கம்பியில் மீன்கொத்தி அமர்ந்திருக்கும். களையெடுக்கும் மகளிர், "எந்த ஊருப் பிள்ளைங்க?" என்று நிமிர்ந்து கேட்பர். அவர்க்கு விடைகூற நேரம் வைத்துக்கொண்டு செல்லுதல் வேண்டும்.

நெடுங்காட்டினின்று திருநள்ளாறு செல்லும்போது ஆறுகளைக் குறுக்கே கடத்தல் வேண்டுமாயினும், அவை சிறு பாலங்களாதலின் நெருக்கடி இல்லை. திருநள்ளாறு நளன் கதையோடு தொடர்புடைய தலம். நாடிழந்த நளன் தேரோட்டியாய்ப் பணிசெய்தவன். சக்கரமும் பாதையும் நன்கறிந்தவன். ஆயினும் சனிக்கிழமைகளிலும், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சி நாட்களிலும் அவ்வூரைச் சூழ்ந்த சாலைகளில் வெளியூர் வண்டிகள் நிரம்பி வழியும். அந்நாட்களில் இவ்வட்டத்தை விலக்குக.

தருமபுரத்தைத் தமிழ் மாணவர் இறங்கிக் காணாது போகலாகாது. ஞானசம்பந்தரின் பதிகத்தை யாழில் இசைக்க இயலாது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மனம் வருந்தினார் என்ற வரலாறு இத்தலத்திற்கு உரியது. காரைக்கால் நகரம் பேயார் எனப் போற்றப்படும் அம்மையார் பிறந்த ஊர். ஆனி நிறைமதியில் நிகழும் மாங்கனித் திருவிழாவன்று நகரினுட் சைக்கிளைத் தள்ளிச் செல்லவும் இடம் இராது. மற்றை நாட்களில் அரசலாற்றின் கரையைப் பற்றிக் கடற்கரை வரை செல்லும் வழி மாலைக்கு இனியது.

கிழக்கு வழி

இது குறுகியது, புதிதாய் மிதிக்கக் கற்பார்க்கு ஏற்றது. வரிச்சிக்குடியருகே நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் திருவேட்டக்குடியை அடையலாம். அருச்சுனன்பொருட்டு இறைவன் வேடனாய் வந்த கதையை அவ்வூர்ப் பெயரோடு இயைத்துக் கூறுவர். சம்பந்தர் பாடல் பெற்ற தலமும் ஆகும். தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று இக்காலத்தில் அவ்வூர்ப் பகுதியிலேயே அமைந்துள்ளது.

அதற்கப்பால் மீனவர் ஊர்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அதன்பின் பல குடும்பங்கள் கடலினின்று சற்று விலகி அமைந்த புதுக் குடியிருப்புகளிற் குடியேறின. அக்குடியிருப்புகளினூடே செல்லும் தெருக்கள் அமைதியானவை. ஆயினும் அவை காட்சிக்கென அமைந்த வழிகள் அல்ல. மக்கள் வாழும் முற்றங்கள். வலை உலர்த்தும் இடத்தில் இறங்கி நடத்தலும், சிறுவர் விளையாடுமிடத்தில் மணியடித்து விரட்டாது நிற்றலும் நம் கடன்.

வடக்கு வழி

எம் ஆராய்ச்சியின் உயிர்நிலை இவ்வழியே. கோட்டுச்சேரியினின்று கல்லூரிக்கு வருவோர் பூவம் கடந்து, நண்டலாற்றுப் பாலமேறி, பொறையாற்றை அடைதல் வேண்டும். நண்டலாறு வெறும் ஆறு அன்று, எல்லையும் ஆகும். 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை அவர் ஆட்சியில் இருந்தது. தென்கரை ஓர் அரசு, வடகரை மற்றோர் அரசு என இருந்த காலம் போய், இன்று தென்கரை புதுச்சேரி ஆட்சிப்பகுதி, வடகரை தமிழ்நாட்டு மயிலாடுதுறை மாவட்டம். சாலையின் நலம் இருவர் பொறுப்பாய்ப் பிரிந்துகிடக்கும் இடமும் இப்பாலமே.

யாம் கண்ட வழி இது: பாலத்தை நெருங்கும்வரை நெடுஞ்சாலையைத் தவிர்த்து, அதற்குக் கிழக்கே உள்ள சிற்றூர்த் தெருக்களிலேயே வருதல், சாலையை ஒரே இடத்தில், இருபுறமும் நெடுந்தொலைவு தெரியும் நேரான பகுதியில், இறங்கிக் கடத்தல், பாலத்தின்மேல் ஏறிச் செல்லாது, ஒருவர்பின் ஒருவராய் ஓரத்தில் வண்டியைத் தள்ளிச் செல்லுதல், பாலம் கடந்தவுடன் மீண்டும் ஊர்த்தெருவிற் புகுதல். இதனால் வழி சற்று நீளும். கால்மணி நேரம் முன்னதாகப் புறப்படல் வேண்டும். ஆனால் நெடுஞ்சாலையோடு நமக்குள்ள உறவு ஒரு பாலத்தின் நீளமாகச் சுருங்கிவிடும்.

நேரம் உள்ள நாளில் பொறையாற்றினின்று கிழக்கே தரங்கம்பாடி வரை செல்க. 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டையும், 1706-ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் முயற்சியால் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் அங்கு உள்ளன. புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியதும் அவ்வூரிலேயே. வயது முதிர்ந்த ஆசிரியரிடம் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றவர் அப்பெரியார் என்பர். வழி அறியாதவன் கேட்டுக் கற்றுக்கொள்ள நாணலாகாது என்பதற்கு அது நல்ல சான்று.

பருவமும் எச்சரிக்கையும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பெறும். திறந்த நீர் கடைமடையை அடையச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன்னர் ஆறுகள் மணலாய்க் கிடக்கும்; கரைவழி காய்ந்து உறுதியாயிருக்கும். மழைக்காலத்திலோ தாரிடாத கரைகளின் களிமண், சக்கரத்திற்கும் மட்கார்டிற்கும் இடையே புகுந்து இறுகி, வண்டியை நகரவொட்டாது. அப்போது தார்வழியே கொள்க. வெள்ளம் கரையைத் தொடும் நாளிற் கரைமேல் எவரும் செல்லலாகாது.

சம்பா அறுவடைக் காலமாகிய தை, மாசியிற் சாலையில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருப்பர். வைக்கோல் செயினிற் சுற்றிக்கொள்ளும். நெல்லின்மேல் சக்கரம் வழுக்கும். அது ஓராண்டு உழைப்பின் பயனாதலின், சினவாது இறங்கி ஓரமாய்ச் செல்க. கரைகளில் மண்டிய சீமைக்கருவேலின் முள் டியூபைத் துளைப்பதில் வல்லது. பஞ்சர் ஒட்டும் பொருள்களும் கைப்பம்பும் உடன் இருத்தல் நலம். பிரேக்கும் மணியும் விளக்கும் பழுதின்றி இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கழிமுக நாட்டில் அமைதி வழி என்பது ஆற்றை அறிதலும், காற்றின் நேரத்தை அறிதலும், பாலத்திற்கு அஞ்சி நடத்தலும் ஆகிய மூன்றால் அமைவது என்பது பெறப்படும். முதலிரண்டும் நம் அறிவாற் கைகூடும். மூன்றாவது நம்மால் மட்டும் முடிவதன்று. விழுப்புரம் முதல் நாகப்பட்டினம் வரை நான்குவழிச் சாலை அமைந்துவரும் இக்காலத்தில், பாலந்தோறும் மிதிவண்டிக்கும் நடப்பார்க்கும் இரண்டு முழ அகலமேனும் தடுப்பிட்டு ஒதுக்குதல் பெருஞ்செயல் அன்று. இரு கரைக்கும் உரிய ஆட்சியாளர்க்கு மாணவர் சார்பில் அதனை விண்ணப்பித்தல் தகும் என்பது எம் கருத்து.

வழியைக் கண்டபின் யாம் எம் தோழியின் வீட்டிற்குச் சென்று, தாளில் வரைந்த படத்தை அவர் தந்தையாரிடம் காட்டினோம். அவர் அதனை நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. மறுநாட் காலை, தம் பழைய வண்டியில் மகளின் பின்னாகவே வந்தார். தெருக்களைக் கண்டார். பாலத்தை இருவரும் தள்ளிக்கொண்டு கடந்தனர். வடகரையில் நின்று, மகள் தெருவினுள் மறையும்வரை பார்த்துத் திரும்பினார். நான்கு நாட்கள் அவ்வாறே வந்தார். ஐந்தாம் நாள் அவர் வரவில்லை. எம் தோழி தனியே வந்து, முதற் பாடவேளைக்கு மணியடிக்குமுன் தம் இடத்தில் அமர்ந்திருந்தார்.

இவ்வழியினும் நல்ல வழி அறிந்தவர் உளராயின் எமக்கு அறிவிப்பாராக. அடுத்த ஆண்டு மலரில் அதனைச் சேர்த்து எழுத விழைகின்றோம்.